ஐந்நூறு ரூபாய்த் தூரம்

பெட்ரோல் கார் எவ்வளவு ஓடும், மின்சாரக் கார் எவ்வளவு ஓடும் என்ற சண்டையைத் தீர்த்துக்கொள்ள அலிப்பூரைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.

ஹவுரா ரயில் நிலையத்தின் வாசலில் மஞ்சள் அம்பாசடருக்காகக் காத்திருப்பது இப்போதெல்லாம் சற்றுப் பிடிவாதமான காரியம். கைபேசியைத் தட்டினால் ஏ.சி. கார் வந்து நிற்கும். ஆனாலும் கொல்கத்தாவுக்கு வந்து அம்பாசடரில் ஏறாமல் திரும்புவது, மதுரைக்குப் போய்க் கோபுரத்தைப் பார்க்காமல் வருவது மாதிரி. 2025 மே மாதத்தில் ஒரு காலை. இருபது நிமிடக் காத்திருப்புக்குப் பிறகு ஒன்று கிடைத்தது. "அலிப்பூர்" என்றதும் டிரைவர் டீசல் முள்ளைப் பார்த்தார். முள் அடியில் படுத்திருந்தது. பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு.

"போய்ச் சேருமா?" என்றேன்.

"இந்த விளக்கு எரியாமல் நான் பார்த்ததே இல்லை, சாப்" என்று சிரித்தார். பீகாரிலிருந்து வந்து பன்னிரண்டு ஆண்டுகளாக இங்கே டாக்சி ஓட்டுகிறவர். வழியில் ஒரு பங்க்கில் வண்டியைத் திருப்பி, ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டினார். டீசல் லிட்டர் 92 ரூபாய். ஐந்தரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக உள்ளே போனது. அம்பாசடரின் டாங்க் 54 லிட்டர் கொள்ளும். ஒரு தடவையாவது நிரப்பிப் பார்த்ததுண்டா என்று கேட்டேன்.

"இது சேட்டின் வண்டி. பகலுக்குத்தான் வாடகை கொடுக்கிறேன். டாங்க்கில் மிச்சம் வைத்தால் ராத்திரி ஓட்டுகிறவனுக்கு லாபம்."

நகர நெரிசலில் இந்த வண்டி லிட்டருக்குப் பத்து, பதினொன்று கொடுக்கிறதாம். ஐந்நூறு ரூபாய்க்கு 55 கிலோமீட்டர். நிரப்பினால் 550 கிலோமீட்டர் ஓடக்கூடிய வண்டி, 55 கிலோமீட்டர் தூரத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஆயுளை ஓட்டிவிட்டது. அவருக்கு அதில் ஒரு நாளும் பயம் வந்ததில்லை. அடுத்த பங்க் எப்போதும் அடுத்த திருப்பத்தில் இருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரக் கார் என்று பேச்செடுத்தால் நம் வீடுகளில் வரும் முதல் கேள்வி, "ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும்?" என்பதுதான். இருநூறு என்று சொன்னால் உதட்டைப் பிதுக்குகிறோம்.

பந்தய மைதானத்தைத் தாண்டி, ஆதி கங்கை என்று பெயர் மட்டும் பெரிதாக இருக்கும் கால்வாயைக் கடந்தால் அலிப்பூர். சத்தம் சட்டென்று குறைகிறது. தூங்குமூஞ்சி மரங்கள், உயரமான மதில்கள், மதிலுக்குப் பின்னால் கண்ணில் படாத வீடுகள். 1876-ல் திறக்கப்பட்ட மிருகக்காட்சி சாலை இங்கேதான். அதற்கு எதிரே பெல்வெடேர் மாளிகையின் வளாகம். தேசிய நூலகம் 1953-லிருந்து அங்கே இயங்குகிறது. வாரன் ஹேஸ்டிங்ஸும் பிலிப் பிரான்சிஸும் 1780-ல் துப்பாக்கி ஏந்தி ஒண்டிக்கு ஒண்டி நின்றதும் இந்தப் பக்கத்தில்தான். தமிழர்களுக்கு அலிப்பூர் என்றால் வழக்குதான் நினைவுக்கு வரும். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் 1909-ல் விடுதலையான அரவிந்தர், மறு ஆண்டு புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். பழைய மத்தியச் சிறை 2022-லிருந்து அருங்காட்சியகம்.

இந்த இடங்கள் எல்லாமே ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள். இங்கே குடியிருக்கிற ஒருவர் ஒரு நாளில் காரில் போகும் தூரம் அதிகம் போனால் முப்பது கிலோமீட்டர். என் மாமா அப்படி ஒருவர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் வேலைக்காக வந்து, ஓய்வுபெற்ற பிறகும் ஊர் திரும்பாமல், அலிப்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தங்கிவிட்டவர். 2022-ல் பெட்ரோல் காரை விற்றுவிட்டு மின்சாரக் கார் வாங்கினார். முப்பது யூனிட் பேட்டரி. கார் நிறுத்தும் தளத்தில், தன் மீட்டரிலிருந்து இழுத்த பதினைந்து ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஒன்றைக் காட்டினார். அதில் அவருக்குக் காரைவிடப் பெருமை. அதற்குக் குடியிருப்போர் சங்கத்தில் அனுமதி வாங்க ஏழு மாதம் ஆயிற்றாம்.

"காகிதத்தில் முந்நூறுக்கு மேல் போட்டிருந்தான். எனக்கு ஜனவரியில் 220 வரும். மே மாதத்தில் 190. ஏமாந்துவிட்டேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பழைய காரில் எவ்வளவு ஏமாந்தேன் என்று யாரும் கேட்கவில்லை" என்றார் மாமா.

கேட்க வேண்டிய கேள்விதான். இந்தியாவில் விற்கும் கார்களின் மைலேஜும் ரேஞ்சும் ஆய்வகத்தில், உருளைகளின் மீது வண்டியை ஓட்டி அளக்கப்படுகின்றன. அந்தச் சோதனையில் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாது. ஏ.சி. ஓடாது. குழி, குறுக்கே வரும் சைக்கிள் ரிக்ஷா, திடீரென்று முளைக்கும் ஊர்வலம் எதுவும் கிடையாது. பெட்ரோல் காருக்கும் மின்சாரக் காருக்கும் இந்தச் சலுகை பொது.

2024-ல் வந்த புதிய மாருதி ஸ்விஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 24.8 கிலோமீட்டர். டாங்க் 37 லிட்டர். பெருக்கினால் 900 கிலோமீட்டருக்கு மேல். நெரிசல் மிகுந்த நகரத்தில் பதினைந்து கிடைத்தாலே ஓட்டுகிறவர் திருப்திப்படுவார். அப்போது வருவது 555 கிலோமீட்டர். காகிதத்திலிருந்து தெருவுக்கு வருவதற்குள் 360 கிலோமீட்டர் காணாமல் போயிற்று. இதற்காக யாரும் ஊர்க் கூட்டம் போடவில்லை. 2020-ல் வந்த டாடா நெக்ஸான் மின்சாரக் காருக்கு 312 கிலோமீட்டர் என்று சான்றிதழ் சொன்னது. ஓட்டியவர்களில் பலர் சொன்ன கணக்கு 200-க்கும் 220-க்கும் இடையில். விகிதத்தில் பார்த்தால் இரண்டு சரிவும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

கடைசியில் கம்பெனிகளே இறங்கி வந்தன. 2024 ஆகஸ்டில் கர்வ் மின்சாரக் காரை அறிமுகப்படுத்தியபோது டாடா இரண்டு எண்களைச் சேர்த்தே சொன்னது. 45 யூனிட் பேட்டரிக்குச் சோதனைச் சாலை எண் 502 கிலோமீட்டர். வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நிஜத்தில் கிடைக்கக்கூடியது 330 முதல் 350. விளம்பரத்தில் இந்த நேர்மை பெட்ரோல் கார்களுக்கு இன்னும் வரவில்லை.

மறுநாள் காலை மாமாவோடு ஒரு சுற்று. பெல்வெடேர் ரோடு, ஜட்ஜஸ் கோர்ட் ரோடு, அங்கிருந்து டயமண்ட் ஹார்பர் ரோடு வழியாக மாஜெர்ஹாட் பாலம். பழைய பாலம் 2018 செப்டம்பரில் இடிந்து விழுந்தபோது, தெற்கே பெஹாலாவிலிருந்து நகரத்துக்குள் வருகிறவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஊரைச் சுற்றி வந்தார்கள். 2020 டிசம்பரில்தான் புதிய பாலம் திறந்தது. "அப்போது என்னிடம் பெட்ரோல் கார். ஆறு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டே இருக்கும்" என்றார் மாமா.

சிக்னலில் நின்றோம். காரில் ஏ.சி. காற்றைத் தவிர வேறு சத்தம் இல்லை. நின்றுகொண்டிருக்கும் பெட்ரோல் எஞ்சின், ஏ.சி.யும் ஓடினால், மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குக் குடிக்கும். மின்சார மோட்டார் நிற்கும்போது நிற்கிறது. பச்சை விழுந்து, நூறு அடி போய், மறுபடி பிரேக். பெட்ரோல் காரில் அந்த வேகம் பிரேக் சூடாகி வீணாகும். இங்கே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வேகத்தில் ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது. பெட்ரோல் காருக்கு நகரம் பகை, நெடுஞ்சாலை நட்பு. மின்சாரக் காருக்கு இது தலைகீழ். கொல்கத்தாவின் ஊர்ந்து செல்லும் தெருக்கள் அதற்குத் தாய்வீடு.

பின் ஏன் மின்சாரக் காரின் இழப்பு மட்டும் கண்ணை உறுத்துகிறது? அது சுமப்பது கொஞ்சம் என்பதால். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் சக்தி இருக்கிறது. ஸ்விஃப்டின் டாங்க்கில் ஏறத்தாழ 330 யூனிட். மாமாவின் பேட்டரியில் இருப்பது 30. பெட்ரோலில் சொன்னால் மூன்றரை லிட்டர்கூட இல்லை. அதை வைத்துக்கொண்டு 200 கிலோமீட்டர் ஓடுகிறது. பெட்ரோல் எஞ்சின் தன் சக்தியில் கால்வாசியைச் சக்கரத்துக்குக் கொடுத்தாலே அதிகம். மிச்சமெல்லாம் சூடாகி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடுகிறது. ஏற்கெனவே இவ்வளவு கொட்டுகிற பாத்திரத்தில் இன்னும் இரண்டு சொட்டு கொட்டினால் தெரியாது. சிக்கனமாக வாழ்கிறவன் வீட்டில் ஒரு விருந்தாளி வந்தாலும் அரிசிப் பானையில் தெரியும்.

அந்த விருந்தாளியின் பெயர் ஏ.சி. கொல்கத்தாவின் வெப்பநிலை என்று வானொலியும் பத்திரிகையும் சொல்வது அலிப்பூர் வானிலை மையத்தின் அளவைத்தான். 2024 ஏப்ரல் 30-ம் தேதி அது 43 டிகிரியைக் காட்டியது. அப்படிப்பட்ட வெயிலில் நெரிசலில் அரை மணி நேரம் நின்றால், ஏ.சி. அரை யூனிட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். நின்ற இடத்திலேயே நான்கைந்து கிலோமீட்டர் தூரம் கரைந்துவிட்டது. பெட்ரோல் கார் அதே அரை மணியில் ஏழெட்டுக் கிலோமீட்டர் தூரத்துக்கான எரிபொருளை இழக்கிறது. முள் அசைந்ததாகத் தெரியாது. பேட்டரிக் காரோ ஒவ்வொரு சதவீதத்தையும் எண்ணிக் கண்முன் காட்டுகிறது.

நார்வேயில் கதை வேறு. 2024-ல் அங்கே விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார்கள். அங்கே எதிரி பனி. அந்நாட்டு வாகன ஓட்டிகள் சங்கம் குளிர்காலத்தில் கார்களைப் பேட்டரி தீரும்வரை ஓட்டிப் பார்த்து, காகிதக் கணக்கிலிருந்து எவ்வளவு குறைகிறது என்று பகிரங்கமாக வெளியிடுகிறது. அப்படியும் மக்கள் வாங்குகிறார்கள். நீர்மின்சாரம் ஏராளம், வீட்டில் சார்ஜ் செய்யும் வசதி பெரும்பாலோருக்கு உண்டு.

அலிப்பூருக்கு வெளியே என்ன ஆகும்? கொல்கத்தாக்காரர்களின் விடுமுறைக் கடற்கரை தீகா, சுமார் 185 கிலோமீட்டர். மாமாவோடு சனிக்கிழமை கிளம்பினேன். இரண்டாவது ஹூக்ளி பாலத்தைத் தாண்டி நெடுஞ்சாலையைத் தொட்டதும் மாமாவின் முகம் மாறியது. திரையில் தூரம் விறுவிறுவென்று இறங்க ஆரம்பித்தது. வேகம் 80-லிருந்து 100 ஆனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. பிரேக் போட வாய்ப்பில்லாததால் திருப்பிக் கிடைப்பதும் இல்லை. "எண்பதைத் தாண்டக் கூடாது" என்பது மாமாவின் விரதம். கோலாகாட்டில், எல்லாரும் ரூப்நாராயண் நதியோரம் சாப்பிட நிறுத்தும் இடத்தில், ஒரு சார்ஜர் செத்துக் கிடந்தது. அடுத்ததில் எங்களுக்கு முன் ஒருவர். ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. பெட்ரோல் காராக இருந்தால் தீகாவுக்குப் போய், கடலில் கால் நனைத்து, திரும்பி அலிப்பூர் வரும்வரை பங்க் பக்கமே திரும்ப வேண்டியதில்லை.

"வருஷத்தில் இரண்டு தடவை இந்தத் தலைவலி" என்றார் மாமா. "மிச்ச நாளெல்லாம் ராத்திரி செருகிவிட்டுத் தூங்குகிறேன். காலையில் டாங்க் நிறைந்திருக்கிறது." அவர் கணக்கு சுலபம். 2025-ல் கொல்கத்தாவில் பெட்ரோல் லிட்டர் 105 ரூபாய். நகரத்துக்குள் 200 கிலோமீட்டர் ஓட பெட்ரோலுக்கு 1,400 ரூபாய். மின்சாரம் யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தால், சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்து, 270 ரூபாய்க்குள் முடிகிறது.

அலிப்பூரை அடுத்து கிதிர்பூர். தூரத்தைப் பற்றிய கவலையே இல்லாத மின்சார வண்டி ஒன்று 1902 மார்ச் 27-ல் எஸ்பிளனேடிலிருந்து அங்கே வந்து சேர்ந்தது. கொல்கத்தாவின் முதல் மின்சார டிராம். (சென்னையில் 1895-லேயே ஓடியது, 1953-ல் நிறுத்திவிட்டோம்.) தலைக்கு மேலே கம்பி இருக்கும்வரை டிராமுக்கு ரேஞ்ச் என்ற பேச்சே கிடையாது. பேட்டரி சுமக்க வேண்டாம், சார்ஜுக்கு நிற்க வேண்டாம். மைதானத்தின் மரங்களுக்கிடையே போகும் அந்தப் பாதை, 2020 மே மாதம் ஆம்பன் புயலில் மரங்களும் கம்பிகளும் விழுந்ததோடு நின்றது. 2024-ல் மாநில அரசு, ஒரு சிறு பாரம்பரியப் பாதையைத் தவிர டிராமையே முடித்துக்கொள்ளப்போவதாக அறிவித்தது. வேடிக்கை என்னவென்றால், 2019-ல் மின்சாரப் பேருந்துகளுக்காக இதே நகரம் கோபன்ஹேகனில் சி40 விருது வாங்கியது. பேருந்துக்கும் தூரம் பெரிய பிரச்னை இல்லை. ஒரே பாதை, இரவில் திரும்பும் டிப்போ, அங்கே சார்ஜர். எவ்வளவு ஓட வேண்டும் என்பதும் எங்கே தூங்கும் என்பதும் முன்கூட்டியே தெரியும்.

எங்கே தூங்கும் என்ற கேள்வி, ஊருக்குத் திரும்பும் நாளில் மறுபடி வந்தது. அதே மஞ்சள் டாக்சிக்காரரை வரச் சொல்லியிருந்தேன். அவர் வசிப்பது அலிப்பூரை அடுத்த சேத்லாவில், ஓர் அறையில் ஆறு பேர். அவர் வண்டிக்கு அடுத்த ஆண்டு பதினைந்து வயது. கொல்கத்தாவில் பதினைந்து ஆண்டுகளைத் தாண்டிய வாடகை வண்டிகள் ஓடக் கூடாது என்பது 2008-ல் உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவின் வழி வந்த கட்டுப்பாடு. உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடர் தயாரிப்பை நிறுத்தியது 2014 மே மாதம். விதி மாறாவிட்டால், அந்த ஆண்டு பதிவான கடைசி அம்பாசடர் டாக்சிகளும் 2029-ல் விடைபெறும்.

"அடுத்து என்ன வண்டி?"

"சேட் மின்சாரம் வாங்கலாமா என்று கேட்கிறார். எவ்வளவு ஓடும் சாப்?"

இருநூறு என்று சொன்னேன். நம் வீட்டார் மாதிரி அவர் உதட்டைப் பிதுக்கவில்லை. பகலில் அவர் ஓட்டுவது 110, 120 கிலோமீட்டர். அவருக்குத் தாராளம். ஐந்நூறு ரூபாய்க்கு 55 கிலோமீட்டர் வாங்கிப் பழகியவருக்கு இருநூறு என்பது சொத்து. கேட்ட கேள்வி வேறு: "செருகுவது எங்கே?"

பகல் முழுக்க இவர் ஓட்டுகிறார். சாயங்காலம் வண்டியை வாங்கிக்கொண்டு இன்னொருவர் விடியும்வரை ஓட்டுகிறார். வண்டி தூங்குவதே இல்லை. தூங்கினாலும் சேத்லாவின் தெரு ஓரத்தில்தான். அங்கே மீட்டரும் இல்லை, பிளக் பாயிண்டும் இல்லை. பொது சார்ஜரில் போட்டால் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்கும் சேட்டுக்கு வாடகை உண்டு, சவாரி கிடையாது. மாமா வீட்டுக் கார் நிறுத்தும் தளத்திலிருந்து அவர் அறை நடந்து போகிற தூரம். அந்தத் தளத்தில் நாள் முழுக்க அசையாமல் நிற்கும் கார்களுக்குச் சுவரில் பிளக் இருக்கிறது. நாள் முழுக்க அசைந்துகொண்டே இருக்கும் காருக்கு இல்லை. சார்ஜர் போட இடம் தேடும் அதிகாரிகள் நெடுஞ்சாலைகளின் வரைபடத்தோடு, டாக்சிகள் இரவில் நிற்கும் தெருக்களின் வரைபடம் ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளலாம்.

மாமாவுக்கு இதைச் சொன்னபோது, தன் பிளக்கைப் பகலில் அவருக்குக் கொடுக்கலாமே என்றார். பிறகு அவரே, "சங்கம் ஒத்துக்கொள்ளாது" என்றார்.

மிருகக்காட்சி சாலையைத் தாண்டியதும் அந்தச் சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. ஹவுராவுக்கு இன்னும் ஏழெட்டுக் கிலோமீட்டர். ரயிலுக்கு நாற்பது நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் நிதானமாக இடது பக்கம் ஒதுங்கி, பங்க்கில் நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்தார். மூன்று நிமிடம் ஆனது.